சிறுதொழில் முயற்சியாளருக்கான அரச உதவிகள்: கரையோர மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்கள் உழவோடும் கடலோடும் வணிகத்தையும் தமது வாழ்வாகக் கொண்டவை. மருதமுனையின் கைத்தறிச் சாரங்களும் சேலைகளும், கல்முனையின் கடைத்தெரு, சம்மாந்துறையின் நெல் ஆலைகள், சாய்ந்தமருது முதல் பொத்துவில் வரையிலான மீன்பிடியும் கருவாட்டுத் தொழிலும், காரைதீவிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் திருக்கோவிலிலும் வீட்டு முற்றங்களில் இடிபடும் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் இப்பிரதேசப் பொருளாதாரத்தின் தூண்களாகும். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே கடை வைத்து, ஒருவரிடம் ஒருவர் கொள்முதல் செய்து வாழும் மண் இது.

இது கரையோரத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட பொருளாதாரத் தொகைமதிப்பின்படி இலங்கையில் விவசாயம் சாராத தொழில் நிலையங்கள் 10 இலட்சத்து 19 ஆயிரத்துக்கு மேற்பட்டவையாகும். அவற்றுள் ஏறத்தாழ 92 வீதமானவை மிகச் சிறியவை. இத்தகையோருக்கு உதவவென்றே அரசாங்கம் திணைக்களங்களையும் அதிகார சபைகளையும் அமைத்துள்ளது. பொதுமக்களின் வரிப்பணத்தில் உத்தியோகத்தர்களையும் நியமித்துள்ளது. ஆயினும் நமது ஊர்களில் தொழில் செய்யும் பலர் அந்த அலுவலகங்களின் பெயரைக்கூட அறியாதிருக்கின்றனர். அறிந்தவர்களிலும் பலர், அரச உதவி என்றால் கடன் என்றும், அதனைப் பெறுவதற்கு அரசியல்வாதி ஒருவரின் கடிதம் வேண்டும் என்றும் எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் தவறானவை என்பதையும், எந்த உதவிக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கதவு பிரதேச செயலகமே

மாவட்டச் செயலகம் அம்பாறை நகரில் அமைந்துள்ளது. கல்முனை, மருதமுனை மக்கள் காரைதீவு, சம்மாந்துறை வழியாக அங்கு செல்ல வேண்டும். பொத்துவில், திருக்கோவில் மக்களுக்கோ அப்பயணம் மேலும் நீண்டது. ஒரு நாள் கடையை மூடினால் அன்றைய வருமானம் இல்லை என்ற நிலையில் உள்ளவர் எத்தனை தடவை அங்கு சென்று திரும்புவார்? கரையோரத்துக்குத் தனியான நிருவாக மாவட்டம் வேண்டும் என்ற நீண்டகாலக் கோரிக்கையின் பின்னணியில் இந்த அலைச்சலும் ஒன்றாகும். அக்கோரிக்கை ஒரு புறமிருக்க, சிறுதொழில் தொடர்பான பெரும்பாலான கருமங்களை அவரவர் பிரதேச செயலகத்திலேயே தொடங்கலாம் என்பதை நாம் முதலில் மனங்கொள்ள வேண்டும்.

சிறுதொழில் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர்கள், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், சமூக சேவை உத்தியோகத்தர்கள், சமுர்த்தி உத்தியோகத்தர்கள் ஆகியோர் பிரதேச செயலகங்களில் கடமையாற்றுகின்றனர். 1969ஆம் ஆண்டின் சட்டத்தினால் உருவான கைத்தொழில் அபிவிருத்திச் சபை, 2006ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான தேசிய தொழில்முயற்சி அபிவிருத்தி அதிகார சபை, சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு எனத் தேசிய மட்டத்தில் நிறுவனங்கள் பல. அரசாங்கம் மாறும்போது இவை அமைச்சுக்கு அமைச்சு மாற்றப்படுவதும், ஒன்றோடொன்று இணைக்கப்படுவது பற்றிப் பேசப்படுவதும் வழமை. பெயர்ப்பலகைகள் மாறினாலும் பிரதேச செயலகம் என்ற கதவு மாறுவதில்லை. அங்கு சென்று, சிறுதொழில் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யார், அவர் எந்நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டறிவதே முதற்படியாகும். செல்ல இயலாதோர் 1919 என்ற அரச தகவல் நிலைய இலக்கத்துக்கு அழைத்துத் தமிழிலேயே விவரம் பெறலாம்.

பதிவு என்னும் அத்திவாரம்

வியாபாரப் பெயர்ப் பதிவு வரியை வரவழைக்கும் என்று அஞ்சி அதனைத் தவிர்ப்போர் நம்மிடையே பலர். 1918ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் வியாபாரப் பெயர்களைப் பதியும் சட்டம் உள்ளது. அப்பதிவு இன்று பிரதேச செயலகத்திலேயே செய்யப்படுகின்றது. கட்டணமும் சிறியதே. தேசிய அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், தொழில் நடைபெறும் இடத்தின் உறுதி அல்லது குத்தகைப் பத்திரம் என்பன பொதுவாகக் கேட்கப்படும். உணவு போன்ற சில தொழில்களுக்குச் சுகாதாரப் பகுதியின் சிபாரிசும் தேவைப்படலாம். தேவையான ஆவணங்களின் பட்டியலை முன்கூட்டியே பெற்றுக்கொண்டால் வீண் அலைச்சலைத் தவிர்க்கலாம்.

இங்கு நமது பிரதேசத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கிழக்குக் கரையோரத்தில் வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் எழுதப்படுகின்றது. கணவர் அவ்வீட்டின் முன்புறத்தில் கடை நடத்துவார். உறுதியோ மனைவியின் பெயரில், சில வேளைகளில் மாமியாரின் பெயரில் இருக்கும். இதனால் பதிவு செய்ய முடியாது என்று பலர் திரும்பி வந்துவிடுகின்றனர். உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையோ குத்தகை உடன்படிக்கையையோ சமர்ப்பிக்கும் வழியை உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டும். மனைவியே தொழிலை நடத்துபவராயின் அவரது பெயரிலேயே பதிவதுதான் முறை. பெண்களுக்கென ஒதுக்கப்படும் பயிற்சிகளுக்கும் உதவிகளுக்கும் அவர் நேரடியாக விண்ணப்பிக்க அது வழிவகுக்கும்.

பதிவின் பயனைத் துன்ப காலங்களே நமக்குக் கற்பித்தன. 2004 டிசம்பர் 26ஆந் திகதிய கடற்கோளில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமாகும். மறு ஆண்டில் பாதிக்கப்பட்ட தொழில்களை மீட்க மத்திய வங்கி ‘சுசஹன’ என்ற கடன் திட்டத்தை வங்கிகள் மூலம் நடைமுறைப்படுத்தியது. கொரோனாத் தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டில் 4 வீத வட்டியில் தொழிற்படு மூலதனக் கடன் வழங்கப்பட்டது. இவ்விரண்டுமே வங்கிகளின் ஊடாக வந்தவை. வங்கி ஒருவரைத் தொழில் செய்பவர் என அடையாளங் காண்பது பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வரவு செலவுப் புத்தகம் ஆகியவற்றைக் கொண்டேயாகும். முப்பது ஆண்டுகள் நேர்மையாக வியாபாரம் செய்தவர், அதனைக் காட்டும் காகிதம் ஒன்றும் இல்லையாயின் வரிசையின் கடைசியில் நிற்க நேர்கின்றது.

வேறொரு பயனும் உண்டு. பாடசாலைகள், வைத்தியசாலைகள், செயலகங்கள், உள்ளூராட்சி மன்றங்கள் முதலியன தமக்குத் தேவையான பொருட்களுக்கும் சேவைகளுக்கும் அடுத்த ஆண்டுக்கான வழங்குநர்களைப் பதிவதற்கு ஆண்டிறுதியில் விண்ணப்பம் கோருவது வழமை. வியாபாரப் பெயர்ப் பதிவு இல்லாதவர் அதற்கு விண்ணப்பிக்க இயலாது. சீருடை தைப்பவரும், அச்சகம் நடத்துபவரும், சிற்றுண்டி வழங்குபவரும், தளபாடம் செய்பவரும் இவ்வறிவித்தல்களைத் தவறவிடலாகாது. இப்பதிவுக்கு அப்பால், குறித்த சில தொழில்களுக்கு மாநகர சபையின் அல்லது பிரதேச சபையின் ஆண்டு அனுமதிப்பத்திரமும் வேண்டும் என்பதையும் கவனத்திற்கொள்ள வேண்டும்.

பயிற்சியும் தொழில்நுட்பமும்

அரச உதவிகளுள் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது பயிற்சியே எனலாம். பிரதேச செயலகப் பிரிவுகள் தோறும் அமைக்கப்பட்ட விதாதா வள நிலையங்கள், உணவு பதனிடல், பொதியிடல், சவர்க்காரம் போன்ற பொருட்களைத் தயாரித்தல் முதலியவற்றில் சிறு உற்பத்தியாளருக்குத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் நோக்குடையன. கைத்தொழில் அபிவிருத்திச் சபை, தொழிலைத் தொடங்குவது பற்றிய ஆலோசனையையும் திட்ட அறிக்கை தயாரிக்கும் வழிகாட்டலையும் வழங்குகின்றது. 1995ஆம் ஆண்டின் சட்டத்தினால் அமைந்த தொழிற்பயிற்சி அதிகார சபையும், தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையும் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழுக்கு வழி செய்கின்றன. பல ஆண்டுகள் வேலை செய்து கைதேர்ந்த மேசனோ மின்னிணைப்பாளரோ வகுப்புக்குச் செல்லாமலே, தமது முன்னனுபவத்தை மதிப்பீட்டுக்கு உட்படுத்தி அச்சான்றிதழைப் பெறலாம் என்பது குறிப்பிடத்தக்கது.

மருதமுனை நெசவைப் பற்றித் தனியாகக் குறிப்பிட வேண்டும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபோது இறக்குமதித் துணிகளோடு போட்டியிட நேர்ந்த கைத்தறி, கடற்கோளின் அடியையும் தாங்கி இன்றும் உயிரோடிருக்கின்றது. நூலின் விலை ஏறும்போதெல்லாம் நெசவாளரின் கூலியே சுருங்குகின்றது. இந்நிலையில் விலையைக் குறைத்துப் போட்டியிடுவதைவிட, வடிவமைப்பால் வேறுபட்டு நிற்பதே கைத்தறிக்கு உகந்த வழியாகும். தேசிய அருங்கலைகள் பேரவையும் தேசிய வடிவமைப்பு நிலையமும் 1982ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இத்தகைய கைப்பணியாளருக்காகவே அமைக்கப்பட்டவை. மாகாண மட்டத்தில் கிராமியக் கைத்தொழில் துறை உண்டு. நெசவாளர் சங்கமாகச் சென்று கேட்டால் பயிற்சி ஊருக்கே வரும். தனித்தனியாகச் சென்றால் நாம்தான் ஊர் ஊராக அலைய வேண்டும்.

நெல் ஆலை நடத்துவோருக்கு அநுராதபுரத்தில் அமைந்துள்ள தேசிய அறுவடைக்குப் பிந்திய முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வும் பயிற்சியும் பயன்தரும். நெல்லை அவித்தல், உலர்த்தல், அரிசி உடைவைக் குறைத்தல் என்பன அங்கு ஆராயப்படுகின்றன. நூறு மூடை நெல்லில் உடைவு சிறிது குறைந்தாலும் ஆண்டிறுதியில் அது பெருந்தொகையாகும் என்பதை ஆலைக்காரர் நன்கறிவர்.

தரமும் தராசும்

வீட்டில் தயாரித்த உணவுப் பொருளை அயலவருக்கு விற்கும்வரை எவரும் எதுவும் கேட்பதில்லை. அதே பொருளைக் கல்முனையின் பெரிய கடைக்கோ கொழும்புக்கோ அனுப்ப முற்படும்போது கேள்விகள் எழுகின்றன. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உறையில் பொருளின் பெயர், உள்ளடக்கம், நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருத்தல் வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஒளிந்துகொள்வதை விடுத்து, தயாரிப்பைத் தொடங்கும் முன்னரே அவரை அழைத்துக் காட்டி ஆலோசனை பெறுவது சிறந்ததாகும். அவ்வாலோசனைக்குக் கட்டணம் இல்லை.

தராசுகளும் படிக்கற்களும் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் முத்திரையிடப்பட வேண்டும். முத்திரையற்ற தராசில் நிறுப்பவர் நேர்மையாளராயினும் வழக்கில் தப்புவது கடினம். பெயர் பெற்று வரும் பொருளுக்கு வணிகக் குறி வைத்திருப்போர் அதனைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவு செய்தல் நன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அப்பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும்; பின்னர் புதுப்பிக்கலாம். வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டால் வணிகக் குறியும் பாதுகாக்கப்பட்டுவிடும் எனக் கருதுவது தவறாகும். இவை இரண்டும் வெவ்வேறு பதிவுகள்.

கடனும் வட்டியும்

அரச ஆதரவுடனான கடன் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெயரும் நிபந்தனையும் மாறுபவை. ஆதலால் பழைய திட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு அலையாமல், ‘இப்போது நடைமுறையிலுள்ள திட்டங்கள் எவை, வட்டி வீதம் என்ன, சலுகைக் காலம் எவ்வளவு, பிணை என்ன’ என்ற நான்கு கேள்விகளையும் அரச வங்கிகளிடமும் பிரதேச அபிவிருத்தி வங்கியிடமும் சமுர்த்தி வங்கியிடமும் கேட்க வேண்டும். மத்திய வங்கியின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகமும் இத்திட்டங்கள் பற்றி விளக்கமளிக்கக் கூடியது. விண்ணப்பிக்கும் முன்னர் கடன் தகவல் பணியகத்திலுள்ள தமது அறிக்கையைப் பெற்றுப் பார்ப்பதும் புத்திசாலித்தனமாகும். உறவினருக்கோ நண்பருக்கோ பிணை நின்ற கடனும் அவ்வறிக்கையில் தெரியும்.

முஸ்லிம் முயற்சியாளர் பலர் வட்டியைத் தவிர்க்க விரும்புவதால் அரச உதவிகள் அனைத்திலிருந்தும் விலகி நிற்கின்றனர். இது பெரும் இழப்பாகும். பதிவு, பயிற்சி, ஆலோசனை, தரச் சான்று, கண்காட்சி வாய்ப்பு என மேலே நாம் கூறிய எதிலும் வட்டி இல்லை. நிதியைப் பொறுத்தவரையிலும் 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய வங்கிமுறைக்கு இடமளித்தது. 2011இல் முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கியொன்று இயங்கத் தொடங்கியது. வேறு வங்கிகள் சிலவும் இதற்கெனத் தனிப்பிரிவுகளை நடத்துகின்றன. இயந்திரம் வாங்குவதற்கு இஜாரா, சரக்குக் கொள்முதலுக்கு முறாபஹா என்ற முறைகள் வழக்கில் உள்ளன. அவற்றின் மொத்தச் செலவையும் கணக்கிட்டு, ஏனைய கடன்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வாசல் தேடி வரும் வாராந்தக் கடனைப் பற்றி எச்சரிக்காமல் இருக்க முடியாது. நுண்கடனால் பெண்கள் பட்ட துயர் இம்மாகாணத்தில் சகல இனத்தவரும் அறிந்ததே. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. அவற்றுள் அம்பாறையும் ஒன்றாகும். அவ்வாண்டிலேயே நுண்நிதிக் கடனுக்கு 35 வீத உச்ச வட்டி விதிக்கப்பட்டது. உச்சவரம்பே அதுவென்றால், அதற்கு முன்னர் அறவிடப்பட்டது எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். கடன் வழங்கும் நிறுவனம் மத்திய வங்கியில் பதிவு பெற்றதா என்று கேளாமல் எவரும் கையொப்பமிடலாகாது.

தொழில் நொடிந்தால்

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, நன்கு நடந்த தொழில்களையும் சாய்த்தது. அத்தகையோருக்காக, வணிகப் புத்துயிர்ப்புப் பிரிவுகளை அமைத்து நடத்துமாறு 2024இல் மத்திய வங்கி வங்கிகளுக்கு நெறிமுறைகளை வழங்கியது. தவணை தவறியவர் வங்கிக்குப் போகாமல் ஒதுங்கியிருப்பதே நிலைமையை மோசமாக்குகின்றது. கடிதம் வந்தவுடன் வங்கிக்குச் சென்று, கடனை மறுசீரமைக்குமாறு எழுத்தில் கோரிக்கை விடுத்து, அதன் பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெற்றுக்கொள்ள வேண்டும். நியாயம் கிடைக்கவில்லையாயின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் முறையிடலாம். சட்டத்தரணிக்குச் செலுத்தப் பணமில்லாதோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. கொடுக்கல் வாங்கலில் எழும் சிறு பிணக்குகளை இணக்க சபையில் செலவின்றித் தீர்த்துக்கொள்ளலாம்.

வரியும் தொழிலாளரும்

வரி இலக்கம் பெறுவதும் வரி செலுத்துவதும் ஒன்றல்ல. இலக்கம் இலவசமாகவே வழங்கப்படுகின்றது. 2025 ஏப்ரல் முதல் ஒருவரின் ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரையிலான தொகைக்கு வருமான வரி இல்லை. வருமானம் என்பது விற்பனைத் தொகையன்று. செலவு போக எஞ்சும் தொகை என்பதைக் கவனிக்க வேண்டும். செலவுக்குப் பற்றுச்சீட்டு வைத்திராதவரே வரியில் நட்டமடைகின்றார்.

ஒரேயொரு ஊழியரை அமர்த்தியவரும் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதத்தையும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதத்தையும் தமது பங்காகச் செலுத்த வேண்டும். ஊழியரின் பங்கு சேமலாப நிதிக்கு 8 வீதமாகும். இதனைச் சுமையாகக் கருதித் தவிர்ப்பவர், பின்னாளில் தண்டப்பணத்துடன் செலுத்த நேர்வதைக் காண்கின்றோம். நமது கடையில் இளமையைக் கழிப்பவரின் முதுமைக்கு இது ஒரு பிடிமானம் என்பதை மறந்துவிடலாகாது.

கேட்பது உரிமை

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிருவாக மொழி என அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகின்றது. சிங்களத்தில் மட்டும் உள்ள படிவத்திலோ கடிதத்திலோ விளங்காமல் கையொப்பமிட வேண்டியதில்லை. தமிழ்ப் பிரதியைக் கோருவது நமது உரிமை. ஒரு திட்டத்துக்கு நமது பிரதேசத்தில் எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது, பயனாளிகள் எந்த அடிப்படையில் தெரிவு செய்யப்பட்டனர் என்பவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கையூட்டுக் கேட்கப்பட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954 ஆகும்.

உதவி பெற அரசியல்வாதியின் வீட்டு வாசலில் நிற்கும் பழக்கம், உரிமையைச் சலுகையாக மாற்றிவிடுகின்றது. சலுகையாகப் பெற்றதைத் தேர்தல் காலத்தில் திருப்பிச் செலுத்த வேண்டி வரும். உரிமையாகப் பெற்றதற்கு எவருக்கும் கடன்படத் தேவையில்லை.

நாம் செய்யக் கூடியது

அமெரிக்காவில் 1953இல் சிறுதொழில் நிருவாகம் அமைக்கப்பட்டது. 1964 முதல் ஓய்வுபெற்ற வணிகர்களும் முகாமையாளர்களும் தன்னார்வமாகச் சிறுதொழிலாளருக்கு ஆலோசனை கூறும் ஏற்பாடு அதனோடு இணைந்து இயங்கி வருகின்றது. இந்தியாவில் 1978இல் தொடங்கப்பட்ட மாவட்டத் தொழில் மையங்கள், வெவ்வேறு துறைகளின் உதவிகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவருவதை நோக்காகக் கொண்டன. நமது கரையோரத்தில் அத்தகைய கூரை இன்னும் எழவில்லை. அதற்காகக் குரல் கொடுக்கும் அதே வேளையில் நம்மால் ஆனதையும் நாம் செய்தல் வேண்டும்.

ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர்களும் நிருவாக சேவை அதிகாரிகளும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் நமது ஊர்களில் இருக்கின்றனர். பள்ளிவாசல்களும் கோயில்களும் வர்த்தக சங்கங்களும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, அவர்களை அமர்த்திப் படிவம் நிரப்பவும் கணக்கெழுதவும் உதவலாம். ஒலுவிலில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ மாணவர்களுக்கும் அது சிறந்த களப்பயிற்சியாக அமையும். ஸக்காத் நிதியைக் கூட்டாகத் திரட்டும் ஊர்கள், தையல் இயந்திரமோ தறியோ பெற்றுக்கொடுப்பதோடு நின்றுவிடாமல், பெற்றவரின் தொழிலைப் பதிந்து வங்கிக் கணக்கையும் தொடங்கி வைத்தால் அவ்வுதவி அடுத்த ஆண்டும் நிலைக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டும் என்பதில்லை. இவ்வாரம் ஒரு கோப்பை வாங்கி, அடையாள அட்டையின் பிரதி, உறுதியின் பிரதி, வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுகள் என்பவற்றை அதிலிட்டு, ஒரு பிரதியை வேறொரு வீட்டிலும் வைத்தால் போதும். கடற்கோளில் உயிர்களோடும் உடைமைகளோடும் நமது காகிதங்களும் அள்ளுண்டு போயின. அடுத்த வாரம் அக்கோப்புடன் பிரதேச செயலகத்தின் படியேறுவோம். நமக்கென ஒதுக்கப்பட்ட உதவி கேட்பாரின்றி ஆண்டிறுதியில் திரும்பிச் செல்லுமாயின், அந்தத் தவறில் நமக்கும் பங்குண்டு.